மலை அசைந்த நாள்

(திரைப்பட ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அகிரா குரோசாவா 1980இல் எடுத்த ‘ககெமுஷா’ படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘நிழல் வீரன்’ என்று பொருள். சண்டையும் சூழ்ச்சியும் மலிந்த காலத்தில், ஜப்பானியப் பிரபுக்கள் தங்கள் சாயலில் இருக்கிற ஆளைத் தேடிப்பிடித்து உடன் வைத்துக்கொள்வார்கள். எதிரியின் குறி அவன்மேல் விழட்டும் என்பதுதான் கணக்கு. அப்படிப்பட்ட போலி ஆளுக்கு அந்தப் பெயர்.

பேச்சைத் தொடங்குமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தை நான் தியேட்டரில் பார்த்ததே இல்லை. முதன்முதலாகப் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில், நண்பர் ஒருவர் வீட்டு டெக்கில். கேசட் எதிலிருந்து எடுத்த எத்தனையாவது பிரதியோ தெரியாது. சிவப்பு நிறம் உருவங்களின் ஓரத்தைத் தாண்டி வழிந்தது. சப்டைட்டிலின் கடைசி எழுத்துகள் திரைக்கு வெளியே போய்விட்டன. பாதிப் படத்தில் நிறுத்தி ஹெட்டைத் துடைத்தோம். நண்பரின் அம்மா சாப்பிட வாங்கப்பா என்று மூன்று முறை கூப்பிட்டார். ஆயிரக்கணக்கானோர் மோதும் போரை, குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவில், இருபது இன்ச் பெட்டியில் பார்த்தவன் நான்.

இந்த மாதிரிப் படத்தைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். இது போலியைப் பற்றிய படம். அசல் போய்விட்ட இடத்தில் நகலை உட்காரவைத்து, அதற்கு ஊரே வணக்கம் வைக்கிற கதை. அதை நான் பார்த்ததும் நகலில்தான். அந்தப் பொருத்தம்தான் இத்தனை வருஷமாக என்னை இந்தப் படத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது.

படத்தின் முதல் காட்சியைச் சொல்கிறேன். ஓர் அறை. மூன்று பேர். மூவருக்கும் ஒரே உடை, ஒரே மீசை, ஒரே தலைக்கட்டு. நடுவில் உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் கய் நாட்டின் பிரபு டகேடா ஷிங்கென். அவர் நிழல் பின்சுவரில் பெரிதாக விழுகிறது. ஒரு பக்கம் அவர் தம்பி நொபுகாடோ. இதுவரை அண்ணனுக்காக வேஷம் கட்டியவர். இன்னொரு பக்கம் ஒரு திருடன். சிலுவையில் ஏற்றிக் கொல்லப்பட இருந்தவனை, முகச்சாயல் கண்டு தம்பி மீட்டு வந்திருக்கிறார். கேமரா அசையாது, வெட்டும் கிடையாது. ஏறத்தாழ ஆறு நிமிடம் மூவரும் பேசுகிறார்கள், அவ்வளவுதான். போர்ப்படம் என்று கேசட் எடுத்துவந்த நாங்கள் டெக் ரிப்பேரோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த ஆறு நிமிடத்தில் திருடன் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறான். நாலு காசு திருடின நான் அயோக்கியன். நாடுகளையே திருடி, நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற நீ யார்? வாள் உருவுவார் என்று எதிர்பார்க்கிறோம். ஷிங்கென் ஒத்துக்கொள்கிறார். பெற்ற அப்பனை விரட்டினேன், பெற்ற பிள்ளையைக் கொன்றேன் என்கிறார். இது வரலாறும்கூட. 1541இல் தகப்பன் நொபுடோராவை நாடு கடத்தித்தான் ஷிங்கென் பட்டத்துக்கு வந்தார். மூத்த மகன் யோஷிநொபு தந்தையோடு முரண்பட்டுக் காவலில் வைக்கப்பட்டு, 1567இல் இறந்துபோனான். யாராவது ஒருவன் நாட்டை ஒரு குடைக்கீழ் கொண்டுவராவிட்டால் இந்த ரத்தம் நிற்காது என்பது ஷிங்கெனின் நியாயம். பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் பெரிய பிரபு ஒவ்வொருவரிடமும் இந்த நியாயம் இருந்தது.

குரோசாவா இதை எடுத்தபோது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. ‘ஏழு சாமுராய்’ எடுத்த மனிதருக்குச் சொந்த நாட்டில் பணம் போட ஆள் இல்லை. 1970இல் எடுத்த படம் தோற்றது. 1971 டிசம்பரில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். பிறகு சோவியத் நாட்டுக்குப் போய் ‘டெர்சு உசாலா’ எடுத்தார். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. அப்போதும் ஊரில் கதவு திறக்கவில்லை. ‘ககெமுஷா’வை எடுக்கவே முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில், மனதிலிருந்த காட்சிகளை எல்லாம் ஓவியங்களாகத் தீட்ட ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கில். சினிமாவுக்கு வருமுன் ஓவியராக நினைத்திருந்தவர்தான் அவர். படம் வராவிட்டாலும் அதன் நிழலாவது மிஞ்சட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. கடைசியில் கைகொடுத்தவர்கள் அவரைக் குருவாக நினைத்த இரண்டு அமெரிக்க இயக்குநர்கள், ஜார்ஜ் லூகாஸும் பிரான்சிஸ் போர்ட் கொப்போலாவும். அவர்கள் பேசி, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தை வெளிநாட்டு உரிமைக்குப் பணம் போடவைத்தார்கள். டோஹோ நிறுவனம் மீதியைப் பார்த்துக்கொண்டது. அதுவரை ஜப்பானில் எடுத்த படங்களிலேயே அதிகச் செலவான படம் இதுதான். 1980இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது.

இந்த அசல், நகல் விஷயத்துக்கு நெருக்கமான கதை ஒன்று படப்பிடிப்பில் நடந்தது. ஷிங்கென், திருடன் என்ற இரட்டை வேடத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் ஷின்டாரோ கட்சு. ‘சாட்டோயிச்சி’ என்ற கண் தெரியாத வாள்வீரனாக 1962 முதல் ஜப்பானைக் கலக்கியவர். 1979இல் படப்பிடிப்பு ஆரம்பிக்கும்போது, தன் நடிப்பைப் பதிவுசெய்ய ஒரு வீடியோ கேமராவையும் ஆட்களையும் கூட்டிவந்தார். தன்னிடம் நடிப்புப் பயில்கிறவர்களுக்குக் காட்டுவதற்காம். குரோசாவா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். பேச்சு முற்றியது; கட்சு வெளியேறினார். அந்த இடத்துக்கு வந்தவர் தட்சுயா நகாடாய். ஆக, ஒருவருக்காக எழுதிய இருக்கையில் இன்னொருவர் வந்து உட்கார்ந்து நடித்த படம் இது. நகாடாயின் கண்ணில் தெரியும் அந்தத் தயக்கம் திருடனுடையதா, நடிகருடையதா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வீடியோ கேமராவைப் படப்பிடிப்புத் தளத்துக்குள்ளேயே விடாத மனிதரின் படத்தைத்தான் நான் வீடியோவில் பார்த்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கதைக்கு வருவோம். 1573. ஷிங்கெனின் படை நோடா கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறது. இரவில் கோட்டைக்குள்ளிருந்து யாரோ புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். முற்றுகையிட்டவர்களும் மெய்மறந்து கேட்கிறார்கள். அதைக் கேட்க வந்து உட்கார்ந்த ஷிங்கெனை ஒருவன் இருட்டிலேயே சுட்டுவிடுகிறான். சாகும்போது அவர் சொல்வது, என் சாவை மூன்று வருஷம் மறைத்துவையுங்கள், எல்லையைக் காத்துக்கொண்டு இருங்கள், படையெடுக்காதீர்கள், அசையாதீர்கள்.

‘அசையாதீர்கள்’ என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் தனி எடை உண்டு. டகேடா கொடியில் இருந்தவை நான்கு: காற்று, காடு, தீ, மலை. பழைய சீனப் போர்நூல் ஒன்றிலிருந்து எடுத்தவை. வேகத்துக்குக் காற்று, அமைதிக்குக் காடு, தாக்குதலுக்குத் தீ, அசையாமைக்கு மலை. படத்தில் மூன்று படைப்பிரிவுகள் காற்றும் காடும் தீயும் ஆகின்றன. மலை யார்? பின்னால் உட்கார்ந்திருக்கும் ஷிங்கென்தான். அவர் இருப்பது தெரிந்தால் மற்ற மூன்றும் பாயும்.

இப்போது மலை போய்விட்டது. உடலை ஒரு பெரிய ஜாடிக்குள் வைத்து சுவா ஏரியில் இறக்குகிறார்கள். திருடனை அரியணையில் உட்காரவைக்கிறார்கள். அவனுக்கு ஒரே வேலைதான்: உட்கார்ந்திருப்பது. நம் ஊர் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் கட்டுகிறவருக்கு ஒரு பாடம் சொல்வார்களே, ராஜா நடக்க வேண்டாம், நின்றாலே சபை நடுங்க வேண்டும் என்று. அதே பாடம்தான். ஒரு நாள் ஆலோசனைச் சபையில், போலி என்று தெரிந்தே மகன் கட்ஸுயோரி அவனிடம் முடிவு கேட்டு மாட்டிவிடப் பார்க்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காத பதில் வருகிறது: அசைய வேண்டாம், மலை அசையாது. உண்மை தெரிந்த தளபதிகளே ஒரு கணம் ஆடிப்போகிறார்கள்.

அதற்குப் பிறகு வரும் டகடென்ஜின் கோட்டை இரவுச் சண்டையைத்தான் படத்தின் இதயம் என்பேன். குன்றின்மேல் ஒரு முக்காலியில் திருடன். கீழே இருட்டில் துப்பாக்கி வெடிக்கிறது, கூச்சல், குளம்பொலி. யார் வெல்கிறார்கள் என்றே தெரியவில்லை. அவன் எழுந்து ஓடத் துடிக்கிறான். அவனைச் சுற்றியிருக்கும் மெய்க்காவலர்கள், இளம் பையன்கள், குண்டுக்குக் குறுக்கே தங்கள் உடம்பை வைத்து ஒவ்வொருவராக விழுகிறார்கள். அவன் போலி என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் சாகிறார்கள். அவர்கள் காத்தது அந்த ஆளை அல்ல, அந்த முக்காலியை. காலடியில் கிடக்கும் பிணங்களைப் பார்த்த அந்த நொடியில் திருடன் நிஜமாகவே உட்கார்ந்துவிடுகிறான். வேஷம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் தருணம் அது.

ஒரு மனிதன் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறான் என்று சொல்கிறோம். குரோசாவா அதைத் திருப்பிப் போடுகிறார். பார்க்கிறவர்களின் கண்ணில்தான் அது குடியிருக்கிறது. உட்கார்ந்திருப்பவன் செய்யவேண்டியதெல்லாம் அந்தப் பார்வையைக் கலைக்காமல் இருப்பது. கட்ஸுயோரிக்குப் புரியாததும் இதுதான். அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பட்டம் அவனைத் தாண்டி அவனுடைய சின்ன மகனுக்குப் போய்விட்டது. அவன் வெறும் காப்பாளன். போதாததற்கு ஒரு திருடனை அப்பா என்று விழுந்து கும்பிட வேண்டும். எந்த மகனுக்குப் பொறுக்கும்?

குட்டு உடைவது ஒரு குதிரையால். ஷிங்கென் மட்டுமே ஏறக்கூடிய குதிரை அது. மனிதர்கள் ஏமாறுவார்கள், குதிரை ஏமாறுமா? அதுவரை கச்சிதமாக அசையாதிருந்தவன் ஆசையில் ஏறிவிடுகிறான். குதிரை தூக்கி எறிகிறது. ஓடிவந்து தாங்கிய ஆசைநாயகிகள் உடம்பைப் பார்க்கிறார்கள். கவானகஜிமாப் போரில் பட்ட காயத்தின் தழும்பு இல்லை! எதிரிப் பிரபு உயெசுகி கென்ஷினோடு 1553 முதல் 1564 வரை ஷிங்கென் அந்த இடத்தில் ஐந்து முறை மோதினார். அந்தப் பதினொரு வருஷத்தின் கையெழுத்து அந்தத் தழும்பு. முகம் கடன் கிடைக்கும், தழும்பு கிடைக்காது. மழையில், காசைக் கையில் கொடுத்து, கல்லால் அடித்துத் துரத்துகிறார்கள்.

இந்த இடத்தில் கேசட்டுக்குத் திரும்ப வேண்டும். பல வருஷம் கழித்து டிவிடி வந்தது. அதில் மறுபடி பார்த்தபோது எனக்கு ஒரு அதிர்ச்சி. நான் பார்த்தே இராத காட்சிகள்! விசாரித்தால் விஷயம் இதுதான்: ஜப்பானில் வெளியானது மூன்று மணி நேரப் படம். வெளிநாடுகளுக்குப் போனது 162 நிமிடம். வெட்டப்பட்டதில் தகாஷி ஷிமுரா வரும் ஒரே காட்சியும் இருந்தது. ‘ஏழு சாமுராய்’ படத்தில் தலையை மழித்துக்கொண்டு வரும் அந்தத் தலைவர், குரோசாவாவோடு நாற்பதுகளிலிருந்து கூடவே வந்தவர், இந்தப் படத்தில் வெளிநாட்டு மருத்துவரை அழைத்துவரும் ஒரு பெரியவராக ஒரே காட்சியில் தலைகாட்டுகிறார். குரோசாவாவுக்கு அவர் நடித்துக்கொடுத்த கடைசிக் காட்சி. அதுதான் எங்கள் கேசட்டில் இல்லை. 2005இல் கிரைட்டீரியன் நிறுவனம் போட்ட டிவிடியில்தான் அமெரிக்காவிலேயே முழுப்படம் கைக்கு வந்தது.

நான் அத்தனை வருஷம் தலைவணங்கியது ககெமுஷாவுக்கு ஒரு ககெமுஷாவை. முகம் அச்சு அசல், தழும்பு இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். டகடென்ஜின் குன்றில் செத்த அந்தப் பையன்களைப் போல, நகல் என்று தெரிந்தும் அதன்முன் உட்கார்ந்திருந்தவர்கள்தானே எங்கள் தலைமுறை? பிரதியின் பிரதியில் குரோசாவாவைக் கண்டுகொண்டோம். அசல் எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கைதான் எங்களை உட்காரவைத்தது.

இனி கடைசிப் போர். நாகஷினோ, 1575. ஒரு பக்கம் கட்ஸுயோரி. எதிரே பகைப் பிரபுக்கள் ஓடா நொபுநாகாவும் டோகுகாவா இயெயாசுவும். நொபுநாகா முன்னால் மரவேலி போட்டு, அதன் பின்னால் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகளோடு ஆட்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். 1543இல் டனேகஷிமா தீவுக்குப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த ஆயுதம். முப்பதே வருஷத்தில் ஜப்பானியப் பட்டறைகள் அதை ஆயிரக்கணக்கில் செய்துதள்ளின. துப்பாக்கிக்கே அந்தத் தீவின் பெயர்தான் பட்டப்பெயர்.

கட்ஸுயோரி அசைகிறான். காற்றுப் படை பாய்கிறது. அது வேலியை நெருங்கும்போது குரோசாவா அவர்களைக் காட்டாமல் திரும்பிக்கொள்கிறார். சுடுகிறவர்களைக் காட்டுகிறார். வெடிச்சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும் டகேடா தளபதிகளின் முகம். அடுத்து காடு. மறுபடி வெடி, மறுபடி முகம். பிறகு தீ. ஒருவன் விழுவதைக்கூட நாம் பார்ப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு களம்: எழ முயன்று சரியும் குதிரைகள், மனிதர்கள், கொடிகள். அந்தக் காட்சிக்காகக் குதிரைகளுக்கு மயக்க ஊசி போட்டார்கள்; அவை தடுமாறி எழுவது நடிப்பில்லை. பின்னணியில் ஒற்றை எக்காளம்.

இருபது இன்ச் பெட்டியில் அது சுருங்கிப்போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம் இப்போது புரிகிறது. பிரம்மாண்டத்தை அவர் திரைக்கு வெளியே வைத்திருந்தார். உள்ளே இருந்தது முகமும் சத்தமும். முகத்துக்குப் பெரிய திரை தேவையில்லை. ‘ஏழு சாமுராய்’ ஞாபகம் வருகிறது. அதில் சாகும் நாலு சாமுராய்களும் துப்பாக்கிக் குண்டுக்குத்தான் சாகிறார்கள். ஒருவர்கூட வாளால் சாவதில்லை. 1954இல் நாலு பேருக்கு நேர்ந்ததை 1980இல் ஒரு குலத்துக்கே நேர்வதாக எடுத்துவிட்டார்.

வரலாறு இப்படியா நடந்தது? இல்லை. ஷிங்கென் 1573இல் இறந்ததும் சாவை மறைக்கச் சொன்னதும் மரபில் உள்ளவை. ஆனால் நோய்தான் காரணமென்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. குழலிசையும் குண்டும் நாட்டார் கதை. நாகஷினோவில் மூவாயிரம் துப்பாக்கிகள் வரிசை மாற்றி வரிசை சுட்டன என்ற புகழ்பெற்ற கணக்கையும் இப்போது பலர் ஏற்பதில்லை. கட்ஸுயோரி முட்டாளும் அல்ல. அப்பனால் பிடிக்கமுடியாத டகடென்ஜின் கோட்டையை 1574இல் பிடித்துக்காட்டியவன். நாகஷினோவுக்குப் பிறகும் டகேடா குலம் ஏழு வருஷம் தாக்குப்பிடித்தது. 1582இல்தான் அவன் தோற்று உயிரை மாய்த்துக்கொண்டான். சில மாதத்திலேயே நொபுநாகாவும் கியோட்டோவின் ஹொன்னோ கோயிலில் சொந்தத் தளபதியால் வளைக்கப்பட்டு இறந்தார். இறுதியில் நாட்டை ஒரு குடைக்கீழ் வைத்தது இயெயாசுவின் வம்சம், 1603 முதல் 1868 வரை. ஷிங்கெனிடம் ஒருமுறை செம்மையாக அடிவாங்கி ஓடிய அதே இயெயாசு.

இன்னொரு செய்தி. பள்ளிப் புத்தகம் தொடங்கி எல்லா இடத்திலும் ஷிங்கென் என்று காட்டப்பட்டுவந்த ஓர் ஓவியம் கோயா மலை மடாலயம் ஒன்றில் இருக்கிறது. பருத்த உடம்பு, அடர்ந்த மீசை. அது ஷிங்கெனே அல்ல, வேறொரு பிரபு என்று ஆய்வாளர்கள் பலர் இப்போது சொல்கிறார்கள். பாருங்கள், நாலரை நூற்றாண்டு கழித்தும் அவருக்குப் பதில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்! குரோசாவா கற்பனையாகச் சொன்னதை வரலாறே ஒப்புக்கொண்டது போலிருக்கிறது.

படத்தின் முடிவு. துரத்தப்பட்ட திருடன் போகவில்லை. படையின் பின்னாலேயே வந்து, புதருக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறான். எல்லோரும் செத்த பிறகு, கீழே கிடந்த ஈட்டியை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக வேலியை நோக்கி ஓடுகிறான். யாரும் பார்க்காத இடத்தில், யாருக்காகவும் நடிக்க வேண்டாத நேரத்தில். குண்டு பாய்கிறது. ஆற்றில் இறங்குகிறான். நீருக்கடியில் அந்த நான்கின் கொடி கிடக்கிறது. எட்டிப்பிடிக்கப் போனவனை ஆறு அடித்துக்கொண்டு கொடியைத் தாண்டிப் போய்விடுகிறது.

அன்றைக்குப் படம் முடிந்து நாங்கள் பேசவில்லை. கேசட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்குமுன் ரீவைண்ட் செய்ய வேண்டும். நண்பர் ஏனோ டேப்பை நிறுத்தாமல், படம் தெரியும்படியே சுற்றவிட்டார். இருபது நிமிடம் போல ஆனது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. திருடன் ஆற்றில் எதிர்த்து மிதந்து கரையேறினான். விழுந்த குதிரைகள் எழுந்தன. வெடித்த புகை துப்பாக்கிக்குள் போனது. படைகள் பின்னோக்கி ஓடி அணிவகுத்தன. குன்றில் செத்த பையன்கள் நிமிர்ந்து நின்றார்கள். ஏரியிலிருந்து ஜாடி மேலே வந்தது. கடைசியில் அந்த அறை வந்துவிட்டது. அதே உடையில் அதே மூன்று பேர், சுவரில் ஒரு நிழல். அதற்குமேல் டேப் சுற்றவில்லை. யாரும் இன்னும் அசையவில்லை.